மறைந்திருக்கும் க்ஷயமும் தலைவிதி வைத்தியமும்



இன்று நாம் இங்கு பேசுவதற்கு எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் க்ஷயரோகத்தைப் பற்றியதாகும். காசநோய் என்றும், டி.பி. என்றும் சொல்லப்படுவது இதுதான். ஆனால், இருமி இருமி இரத்தங் கக்கி, எலும்புந் தோலுமாய்ப் படுத்துக் கிடப்பவனுடைய க்ஷயத்தைப் பற்றி நாம் இன்று பேசப் போவதில்லை. அவனைப் பார்த்தால் யாருக்குந் தெரியும். இருமலே இல்லாதவன், காய்ச்சலே இல்லாதவன், வேளா வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வருகிறவன் உடம்புக்குள் வருஷக் கணக்காய் ஒளிந்து கொண்டிருக்கும் க்ஷயக் கிருமியைப் பற்றியே பேசப் போகிறோம். அப்படிப்பட்டவனுக்கு வேறு ஒரு வியாதி வந்தோ, அல்லது அந்த வேறு வியாதிக்கு டாக்டர் கொடுக்கும் மருந்தினாலோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும்படியான சந்தர்ப்பம் வருகிறதென்று வைத்துக் கொள்ளுங்கள். அப்போது அந்தக் கிருமி இருக்கிறதா இல்லையா என்று முன்னதாகவே தேடிப் பார்க்க வேண்டுமா, வேண்டாமா? இதுதான் கேள்வி.

வேண்டியதில்லை என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரோ படிப்பற்ற பாமர மக்கள் என்று நினைத்து விடாதீர்கள். பெயருக்குப் பின்னால் நாலைந்து எழுத்துக்கள் போட்டுக் கொண்டிருப்பவர்களிலேயே சிலர், "இந்த தேசத்தில் எல்லோருக்குந்தான் அந்தக் கிருமி இருக்கிறது, பரீக்ஷை செய்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்கிறார்கள். நாம் கேட்கிறோம், இதற்கும், "எல்லாம் அவனவன் தலையில் எழுதின எழுத்துப்படி நடக்கும்" என்று சொல்லும் பாட்டி பேச்சுக்கும் என்ன வித்தியாசம்? பாட்டி விதி என்கிறாள். இவர் இங்கிலீஷில் சொல்லுகிறார். காரியம் இரண்டும் ஒன்றுதான். அதாவது, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது.

முதலாவது, எல்லோருக்கும் இருக்கிறது என்பதே உண்மையல்ல. 2019ஆம் வருஷம் முதல் 2021ஆம் வருஷம் வரை நம் நாடு முழுவதும் சர்க்கார் ஒரு பெரிய க்ஷயரோகக் கணக்கெடுப்பு நடத்திற்று. அதில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், கிருமி உட்புகுந்ததற்கு அடையாளம் உடையவர்கள் 100க்குச் சுமார் 31 பேர் என்று கண்டார்கள். அப்படியானால் மற்ற 69 பேர் எங்கே போனார்கள்? பத்துப் பேரில் மூன்று பேருக்கு இருக்கிற ஒன்றை, எல்லோருக்கும் இருக்கிறது என்று சொல்லி, ஒருவரையும் பரீக்ஷிக்காமல் விடுவது எந்தக் கணக்கில் சேர்ந்தது? உலக முழுவதையும் எடுத்துக் கொண்டால், நாலில் ஒரு பங்கு ஜனங்களிடம், அதாவது சுமார் 170 கோடிப் பேரிடம் இக்கிருமி புகுந்திருக்கும் என்று 2016இல் வெளிவந்த ஒரு மதிப்பு சொல்லுகிறது.

இரண்டாவது, கிருமி இருப்பது வேறு, வியாதி இருப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாததினாலேயே பாதிச் சங்கடங்கள் ஏற்படுகின்றன. கிருமி புகுந்தவர்களில் 100க்கு 5 முதல் 10 பேர் வரைதான் தங்கள் ஆயுளில் எப்பொழுதாவது க்ஷயத்தில் விழுகிறார்கள். மற்றவர்கள் அப்படி ஒன்று இருந்ததென்றே தெரியாமல் பேரன் பேத்தி எடுத்து வேறு எதனாலோ சாகிறார்கள். தூங்குகிற கிருமியை வைத்திருப்பவன் மற்றவர்களுக்கு அதைப் பரப்ப முடியாது. அவனுக்குத் தனித் தட்டும், தனித் தம்ளரும் வைக்க வேண்டிய அவசியம் கிடையாது. அவனோடு ஒரே பாயில் படுத்தாலும் ஒன்றுமில்லை.

ஆனால், இந்த 5 முதல் 10 வரை என்பது நல்ல பலமுள்ள உடம்புக்குச் சொன்ன கணக்காகும். உடம்பில் பலம் குறைந்து போனால் கணக்கே தலைகீழாய் மாறிப் போகிறது. 1989ஆம் வருஷம் நியூயார்க்கிலிருந்து வெளியான ஒரு ஆராய்ச்சியில், எச்.ஐ.வி. கிருமியும் க்ஷயக் கிருமியும் இரண்டும் உள்ளவர்களில் வருஷம் ஒன்றுக்கு 100க்குச் சுமார் 8 பேர் க்ஷயத்தில் விழுந்தார்கள் என்று கண்டார்கள். ஆயுள் முழுவதற்கும் 5, 10 என்பது எங்கே? ஒரே வருஷத்துக்கு 8 என்பது எங்கே? 2023ஆம் வருஷத்தில் உலகத்தில் 1 கோடியே 8 லட்சம் பேர் புதிதாய் க்ஷயத்தில் விழுந்து, 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் செத்தார்கள். செத்தவர்களில் 1 லட்சத்து 61 ஆயிரம் பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். விழுந்தவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டார் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

இது ஏன் இப்படியாகிறது என்றால், அதைச் சற்று விளக்கமாய்த் தெரிந்து கொள்ள வேண்டியது அவசியம். கிருமி மூச்சோடு சுவாசப் பைக்குள் போனவுடன், நம் இரத்தத்திலுள்ள காவல் அணுக்கள் அதை வளைத்துக் கொள்ளுகின்றன. கொல்ல முடிந்தால் கொல்லுகின்றன. கொல்ல முடியாத மிச்சத்தைச் சுற்றிலும் தாங்களே ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக் கொண்டு மதில்போல் நின்று, உள்ளே அடைத்துப் போட்டு விடுகின்றன. கிருமி சாகிறதுமில்லை, வெளியே வருகிறதுமில்லை. ஆயுள் கைதி மாதிரி உள்ளேயே கிடக்கிறது. இந்த மதில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஒருதரம் கட்டிவிட்டு மறந்து போகிற மதிலல்ல. ராத்திரியும் பகலும் காவல்காரர் மாறி மாறி நின்றால்தான் நிற்கிற மதில். அந்தக் காவல்காரரைக் கூப்பிட்டுச் சேர்த்து நிறுத்தி வைக்கிற வேலையைச் செய்யும் சரக்குகளில் முக்கியமான ஒன்றுக்கு டி.என்.எஃப். என்று பெயர்.

அதே டி.என்.எஃப். அளவுக்கு மீறிச் சுரந்தால் மனிதனுடைய மூட்டுக்களையும் குடலையுமே அது தாக்க ஆரம்பிக்கிறது. மூட்டுக்களெல்லாம் வீங்கி விரல்கள் கோணிப் போகும் வாத நோய்க்கும், குடல் புண்ணாகிப் போகும் கிரோன் என்னும் வியாதிக்கும் இது ஒரு முக்கிய காரணம் என்று கண்டு, அதை அடக்குவதற்கு இன்ஃபிளிக்ஸிமாப் என்கிற ஊசி மருந்தைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் 1998இல் குடல் வியாதிக்கும், 1999இல் மூட்டு வாதத்துக்கும் அதற்கு அநுமதி கிடைத்தது. எழுந்து நடக்க முடியாதவர்கள் எழுந்து நடந்தார்கள். அது நல்ல மருந்துதான். அதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் நடந்தது என்ன? 2001ஆம் வருஷம் அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகாவுக்கு வந்து சேர்ந்த தகவல்களை எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஊசி போட்டுக் கொண்டவர்களில் 70 பேருக்கு க்ஷயம் கண்டிருந்தது. 70 பேரில் 48 பேருக்கு, மூன்று ஊசியோ அதற்குக் குறைவாகவோ போட்ட உடனேயே வந்து விட்டது. சாதாரணமாய் க்ஷயம் சுவாசப் பையில் வருவதே அதிகம். இவர்களிலோ 40 பேருக்குச் சுவாசப் பைக்கு வெளியே மற்ற உறுப்புக்களில் வந்திருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, இந்த 70 பேரில் 64 பேர் க்ஷயமே குறைந்த பணக்கார தேசத்தார்கள் என்பதாகும். புதிதாய் ஒருவரிடமிருந்து தொத்திக் கொள்ளுவதற்கு அங்கே அவ்வளவு இடமில்லை. சிறு வயதிலோ எப்பொழுதோ புகுந்து அடைபட்டுக் கிடந்த பழைய கிருமிதான், மதில் காவலை மருந்து கலைத்தவுடனே எழுந்து வெளியே வந்தது. க்ஷயமே அருகிப் போன தேசத்திலேயே இப்படியானால், பத்தில் மூன்று பேர் கிருமியோடு இருக்கும் தேசத்தில் அதே ஊசியை ஒன்றும் பாராமல் போடலாமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் பரிகாரம் உண்டா என்றால் உண்டு. அதை ஸ்பெயின் தேசத்தார் செய்து காட்டினார்கள். இவ்வகை மருந்து கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வியாதியஸ்தரையும் விசாரித்து, தோலில் பரீக்ஷை செய்து, மார்புப் படம் எடுத்து, கிருமி இருக்கிறவர்களுக்கு முதலில் க்ஷயத் தடுப்பு மாத்திரை கொடுத்து, அப்புறந்தான் ஊசி போடவேண்டும் என்று 2002இல் ஏற்பாடு செய்தார்கள். அதன் பிறகு அங்கே இம்மருந்தினால் வந்த க்ஷயம் 100க்கு 78 பங்கு குறைந்து போயிற்று. அதற்கப்புறம் 2007இல் இன்னொரு கணக்கும் வந்தது. ஏற்பாட்டை முழுவதும் அநுசரிக்காமல் அரைகுறையாய் விட்டவர்களிடத்தில் க்ஷயம் வரும் வாய்ப்பு ஏழு மடங்காயிருந்ததாம். பூஜை செய்தும் குறையவில்லை, புனஸ்காரத்தாலும் குறையவில்லை. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்ததினால் குறைந்தது.

இது ஏதோ சீமைச் சமாசாரம், விலையுயர்ந்த ஊசி போட்டுக் கொள்ளும் பணக்காரருடைய சமாசாரம் என்று நினைக்காதீர்கள். நம் வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் மாற்றி வைக்கப்பட்ட 1,251 பேரைத் தொடர்ந்து பார்த்து 2001இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அதில் 166 பேருக்கு, அதாவது 100க்கு 13 பேருக்கு மேல், பிற்பாடு க்ஷயம் கண்டிருக்கிறது. வேறொருவருடைய சிறுநீரகத்தை நம் உடம்பு தள்ளி விடாமலிருக்க வேண்டுமானால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் ஆயுள் முழுதும் அடக்கித்தான் வைக்க வேண்டும். தாயோ மனைவியோ தன் உறுப்பை அறுத்துக் கொடுத்து, நிலத்தை விற்றுச் செலவு செய்து பிழைக்க வைத்த உயிர், உள்ளேயே கிடந்த கிருமியால் போவதென்றால் அது எவ்வளவு அநியாயம்!

இவற்றையெல்லாம் விட அதிகமாய் நம் ஜனங்களைத் தொடுவது ஸ்டீராய்டு மாத்திரையாகும். ஆஸ்துமாவுக்கும், மூட்டு வலிக்கும், தோல் வியாதிக்கும், இன்னும் எத்தனையோ வியாதிகளுக்கும் தக்க டாக்டர் தக்க அளவில் கொடுத்தால் இது உயிர் காக்கும் மருந்து. ஆனால் பிரெட்னிசோலோன் என்னும் இந்த மாத்திரையை நாள் ஒன்றுக்கு 15 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரு மாதத்துக்குக் குறையாமல் சாப்பிடுகிறவர்களைக் க்ஷய ஆபத்து அதிகமுள்ளவர்கள் என்று அமெரிக்க வைத்திய சங்கத்தார் 2000ஆம் வருஷத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரிலோ, மருந்துக் கடைக்குப் போய், "வலிக்கு ஒன்று குடு தம்பி" என்று கேட்டால், பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கப்படும் நாலு மாத்திரையில் ஒன்று இதுவாயிருக்கிறது. பெயருமில்லை, சீட்டுமில்லை. சாப்பிட்ட அன்றைக்கே வலி போய்ப் பசியும் எடுக்கிறபடியால், "கைராசிக்காரர்" என்று பெயரும் வந்து விடுகிறது. இந்தக் கைராசியை நாம் கோயில் விபூதிக்கு மேலான ஆபத்து என்று சொல்லுவோம். விபூதி ஒன்றும் செய்யாது, இது செய்கிறது.

கல் உடைக்கிறவர்களையும், கிணறு வெட்டுகிறவர்களையும், மணல் தூளில் வேலை செய்கிறவர்களையும் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தூள் சுவாசப் பைக்குள் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகிறது. தூளை விழுங்கின காவல் அணுக்கள் கெட்டுப் போவதால் மதில் காவல் அங்கேயும் குலைந்து விடுகிறது. இவர்கள் எந்த விலையுயர்ந்த மருந்தும் சாப்பிடவில்லை. வயிற்றுப் பிழைப்பே இவர்களுக்கு அந்தத் தீங்கைச் செய்து விடுகிறது. ஆகையால்தான் உலக சுகாதார ஸ்தாபனத்தார், தேடிப் பார்க்க வேண்டியவர்கள் என்று எழுதியிருக்கும் வரிசையில், எச்.ஐ.வி. உள்ளவர்கள், டி.என்.எஃப். அடக்கும் மருந்து ஆரம்பிப்பவர்கள், டயாலிஸிஸ் செய்து கொள்ளுபவர்கள், உறுப்போ எலும்பு மஜ்ஜையோ மாற்றிக் கொள்ளப் போகிறவர்கள் ஆகியவர்களோடு சிலிக்கோசிஸ்காரரையும் சேர்த்திருக்கிறார்கள். நீரிழிவுக்காரருக்குக் க்ஷயம் வருவது மற்றவர்களைப்போல் சுமார் மூன்று மடங்கு என்றாலும், நீரிழிவு ஒன்றுக்காக மட்டும் எல்லோரையும் இந்தப் பரீக்ஷைக்கு உட்படுத்தும்படி அவர்கள் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு இருமலோ, மெலிவோ கண்டால் தாமதிக்கக்கூடாது.

நிற்க, பரீக்ஷை என்கிறோமே, அது எப்படிப்பட்டது என்று பார்ப்போம். இதன் கதை வேடிக்கையானது. ராபர்ட் காக் என்னும் ஜெர்மன் டாக்டர் 1882இல் க்ஷயக் கிருமியைக் கண்டுபிடித்தார். உலகமே அவரைக் கொண்டாடிற்று. 1890இல் அதே கிருமியிலிருந்து ஒரு சாற்றை எடுத்து, டூபெர்குலின் என்று பெயர் வைத்து, அதனால் க்ஷயத்தைக் குணப்படுத்தலாம் என்றார். ஐரோப்பா முழுவதும் வியாதியஸ்தர்கள் பெர்லினுக்கு ஓடினார்கள். ஆனால் குணமாகவில்லை. ஒரு ரிஷி சொல்லியிருந்தால், "நீ ஆசாரமாயில்லை, அதனால் பலிக்கவில்லை" என்று நோயாளியின் மேலேயே பழியைப் போட்டிருப்பார்கள். இங்கு அப்படியில்லை. காக் எவ்வளவு பெரியவரானாலும் அவர் சொன்னது தப்பென்று மற்ற டாக்டர்கள் எழுதினார்கள். குணப்படுத்தாத அந்தச் சாற்றைக் கொண்டே, கிருமி உள்ளே இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம் என்று 1907இல் வியன்னாவில் பிர்க்கே என்பவரும், 1908இல் பிரான்சில் மாண்டு என்பவரும் காட்டினார்கள். அந்த மாண்டு பரீக்ஷைதான் 100 வருஷத்துக்கு மேலாகியும் இன்றும் நடக்கிறது.

முன்கையில் தோலுக்குள் ஒரு சிறு ஊசி போடுவார்கள். 48 மணிக்கு மேல் 72 மணிக்குள் வந்து காட்ட வேண்டும். அங்கே எவ்வளவு சிவந்திருக்கிறது என்பது கணக்கல்ல. எவ்வளவு தடித்திருக்கிறது என்பதையே அளக்க வேண்டும். சாதாரண மனிதனுக்கு 10 மில்லிமீட்டர் என்றால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு 5 மில்லிமீட்டரே போதும், கிருமி இருப்பதாய் எடுத்துக் கொள்ள வேண்டும். இதில் ஒரு குறை, குழந்தையில் போட்ட பி.சி.ஜி. ஊசியினாலும் சில சமயம் தடிக்கும். அந்தக் குறை இல்லாத இரத்தப் பரீக்ஷையும் இப்பொழுது இருக்கிறது. பி.சி.ஜி.யில் இல்லாத, க்ஷயக் கிருமியில் மட்டும் இருக்கிற சரக்கை இரத்தத்தோடு சேர்த்து வைத்து, நம் அணுக்கள் அதை முன்பே கண்டு பழகியவைகளா என்று பார்ப்பார்கள். அதே சரக்கைக் கொண்டு தோலில் போடும் புது ஊசிகளையும் 2022இல் உலக சுகாதார ஸ்தாபனத்தார் ஒப்புக் கொண்டிருக்கிறார்கள்.

பி.சி.ஜி. போட்டாயிற்றே, இனி நமக்கென்ன என்று இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். செங்கற்பட்டு ஜில்லாவில் 1968இல் ஆரம்பித்து இரண்டரை லட்சம் ஜனங்களுக்கு மேல் வைத்துப் பார்த்த பெரிய சோதனையில், வயது வந்தவர்களுக்கு வரும் சுவாசப் பைக் க்ஷயத்தை அது தடுக்கவில்லை என்று ஏற்பட்டது. குழந்தைகளுக்கு வரும் கொடிய க்ஷயங்களை அது தடுக்கிறபடியால் குழந்தைகளுக்குப் போட வேண்டியதுதான். ஆனால் தோளிலுள்ள அந்தத் தழும்பைக் காட்டி வயது வந்தவர் தப்பித்துக் கொள்ள முடியாது.

இப்பொழுது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தோலில் போட்டாலும், இரத்தத்தில் பார்த்தாலும், இந்தப் பரீக்ஷைகளில் எதுவும் கிருமியை நேரே காண்பதில்லை. காவல்காரரைக் கூப்பிட்டு, "இவனை நீ முன்னே பார்த்திருக்கிறாயா?" என்று சாக்ஷி கேட்கிறது, அவ்வளவுதான். காவல்காரரே மயங்கிக் கிடந்தால் யார் சாக்ஷி சொல்லுவார்? எதிர்ப்புச் சக்தி குன்றிப் போனவருக்கும், ஸ்டீராய்டு சாப்பிட்டுக் கொண்டிருப்பவருக்கும், கிருமி உள்ளே இருந்தும் தோல் தடிக்காமல் போகலாம். இரத்தப் பரீக்ஷையில் இருக்கிறது என்றும் வராமல், இல்லை என்றும் வராமல், "நிச்சயிக்க முடியவில்லை" என்று வரலாம். யாருக்கு இந்தப் பரீக்ஷை அதிகமாய்த் தேவையோ அவரிடத்தில்தான் அது அதிகமாய்த் தவறுகிறது! ஆகவே, பார்க்க வேண்டிய காலம் மருந்து கொடுத்துச் சக்தியை அடக்கின பிறகல்ல, அடக்குவதற்கு முன்பாகும். சிறுநீரகம் மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்த அன்றைக்கே பார்க்க வேண்டும். மூட்டு வாதம் என்று தீர்மானமான உடனே பார்க்க வேண்டும். ஆறு மாதம் ஸ்டீராய்டு கொடுத்த பிறகு பரீக்ஷை செய்து, "இல்லை" என்று வந்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டால், அது எந்திரத் தகடு கட்டிக் கொண்டதற்குச் சமானந்தான்.

அதனால்தான், காகிதத்தை விட விசாரணை பெரியது என்று சொல்லுகிறோம். "உங்களுக்கு முன்பு க்ஷயம் வந்ததுண்டா? வீட்டில் யாருக்காவது வந்ததா? இருமல், காய்ச்சல், மெலிவு, ராத்திரியில் வியர்வை உண்டா?" என்று டாக்டர் கேட்க வேண்டும். மார்புப் படம் எடுத்துப் பழைய தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் கேட்டால் நம்மவர்கள் நிஜத்தைச் சொல்லுகிறார்களா? இங்கேதான் நம்முடைய சமூகத்தின் யோக்கியதை வெளியாகிறது.

க்ஷயம் என்றால் அது பூர்வ ஜென்ம பாபம், குலத்துக்கு இழுக்கு என்று ஆக்கி வைத்திருக்கிறோம். அண்ணனுக்கு க்ஷயம் வந்தால் தங்கைக்குக் கல்யாணம் நின்று போகிறது. ஒரு பெண் சிறு வயதில் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பூரண குணமடைந்திருப்பாள். புருஷன் வீட்டுக்கு அது தெரியாது. பத்து வருஷங் கழித்து அவளுக்கு மூட்டு வாதம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், ஒரு பக்கம் மாமியாரும், ஒரு பக்கம் புருஷனும், பின்னால் வரிசையில் நிற்கும் இருபது பேரும் கேட்கும்படியாக, "டி.பி. வந்திருக்கா?" என்று கேட்கிறார்கள். அவள் என்ன சொல்லுவாள்? இல்லை என்றுதான் சொல்லுவாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் தன் உயிரையே பணயம் வைக்கிறாள். அவளைப் பொய்க்காரி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நிஜத்தைச் சொன்னால் வாழாவெட்டியாய் அனுப்பி விடுகிற கூட்டத்தின் நடுவில் வைத்து அவளிடம் நிஜத்தைக் கேட்கிறது யாருடைய குற்றம்? டாக்டர்கள் இக்கேள்வியைப் பெண்களிடம் தனியாய்க் கேட்க வேண்டும். கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லுவதற்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. தாய்மார்களும், கேட்காவிட்டாலுங்கூட, "நான் உங்களிடம் தனியாய் ஒன்று சொல்ல வேண்டும்" என்று சொல்லித் துணிந்து சொல்ல வேண்டும்.

சரி, கிருமி இருக்கிறதென்று தெரிந்தால் செய்ய வேண்டியது என்ன? முதலில், அது தூங்குகிறதா, எழுந்து விட்டதா என்று தெரிய வேண்டும். நாம் சொன்ன பரீக்ஷைகள் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. இருமலோ காய்ச்சலோ மெலிவோ இருந்தாலும், மார்புப் படத்தில் சந்தேகம் இருந்தாலும், கோழையை எடுத்துச் சோதித்து, வியாதி இல்லை என்று நிச்சயப்படுத்திக் கொண்ட பிறகுதான் தடுப்பு மாத்திரை கொடுக்கலாம். ஏனென்றால், முழு வியாதிக்கு நாலு மருந்து சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்க, தூங்குகிற கிருமிக்குக் கொடுக்கும் ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால், கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாய் மாறிப் போகும். இது பெரிய ஆபத்து.

தூங்குகிறது என்று ஏற்பட்டால் வழிகள் பல உண்டு. ஐசோனியாசிட் என்னும் மாத்திரையைத் தினம் ஒரு வேளையாக ஆறு மாதம் சாப்பிடுவது பழைய வழி. அதோடு ரிஃபாபென்டின் என்னும் மருந்தையும் சேர்த்து வாரத்துக்கு ஒருதரம் வீதம் 12 வாரம், அதாவது மொத்தம் 12 தரமே சாப்பிடுவது புது வழி. ஐசோனியாசிட்டை ஒன்பது மாதம் சாப்பிடுவதற்கு இது குறைந்ததல்லவென்று 2011இல் வெளியான பெரிய ஆராய்ச்சியில் தெரிந்தது. ஆனால் இந்தப் புது வழி, உறுப்பு மாற்றினவர் சாப்பிடும் மருந்துகளையும், எச்.ஐ.வி. மருந்துகளில் சிலவற்றையும், கர்ப்பத்தடை மாத்திரையையும் இரத்தத்தில் குறைத்து விடும். ஆகையால், தான் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டர் முன் கொட்டிக் காட்ட வேண்டும். உறுப்பு மாற்றப் போகிறவர் மாற்றுவதற்கு முன்பே இதை முடித்துக் கொள்ளுவது நல்லது. டி.என்.எஃப். அடக்கும் ஊசி போடுவதானால் தடுப்பு மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதமாவது ஆன பிறகு போடுவது வழக்கம்.

இம்மாத்திரைகளால் கல்லீரல் கெடுவதுமுண்டு, மறைப்பதில் பிரயோஜனமில்லை. வயதானவருக்கும், குடிப்பவருக்கும், ஏற்கெனவே காமாலை கண்டவருக்கும் இது அதிகம். சாப்பாடு வேண்டாமல் போனாலும், வாந்தி வந்தாலும், கண் மஞ்சளித்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். கை கால் மதமதப்பு வராமலிருக்க பி6 என்னும் வைட்டமினைக் கூடக் கொடுப்பார்கள். "நன்றாயிருக்கிறவனுக்கு எதற்கு மாத்திரை?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். பலமுள்ள சாதாரண மனிதனுக்கு அந்தத் தராசில் எந்தத் தட்டு தாழும் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தி போகப் போகிறவனுக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், பரீக்ஷைக்காகக் கூடக் காத்திருக்க வேண்டாம். இருமல், காய்ச்சல், மெலிவு, இரவு வியர்வை இந்நான்கும் இல்லையானால் தடுப்பு மாத்திரை கொடுத்து விடலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் ஏற்பாடு. ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் தேசத்தில் 2,056 பேரை வைத்து நடந்த சோதனையில், ஆறு மாதம் ஐசோனியாசிட் சாப்பிட்டவர்களிடம், பின்வந்த வருஷங்களிலும் சேர்த்துப் பார்த்தால், சாவு 100க்கு 37 பங்கு குறைந்திருந்தது. எல்லோருக்கும் கிருமி இருக்கிறதே என்று கையைக் கட்டிக் கொள்ளுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உண்மையாகவே அவர்கள் அப்படி நம்புவார்களேயானால், எல்லோருக்கும் மாத்திரை கொடுக்க அல்லவா சொல்ல வேண்டும்? பரீக்ஷையுமில்லை, மாத்திரையுமில்லை என்பது எந்த சாஸ்திரம்?

நம் சர்க்காரும் 2021இல் வெளியிட்ட ஏற்பாட்டில், வீட்டில் க்ஷயக்காரரோடு இருந்தவர்களையும் எச்.ஐ.வி. உள்ளவர்களையும் தவிர, எதிர்ப்புச் சக்தி அடக்கும் மருந்து சாப்பிடுவோர், டயாலிஸிஸ்காரர், உறுப்பு மாற்றப் போவோர், சிலிக்கோசிஸ்காரர் ஆகியோருக்கும் தேடிப் பார்த்துத் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுத்தில் இருப்பது கேட்கிறவனுக்குத்தான் கிடைக்கும். ஆகையால், மூட்டு வாதத்துக்கோ, குடல் வியாதிக்கோ, தோல் வியாதிக்கோ, "இனி கொஞ்சம் பலமான மருந்து ஆரம்பிக்கலாம்" என்று டாக்டர் சொன்னவுடனே, "ஐயா, அதற்கு முன் டி.பி. கிருமி இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா?" என்று கேளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரீக்ஷைக்குப் பணம் அதிகம் என்றால், தோல் பரீக்ஷையும், மார்புப் படமும், வாயால் விசாரிப்பதும் இருக்கின்றன. மூன்றாவதற்குக் காசே வேண்டாம்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறோம். 12 வார மருந்து சாப்பிட்டால் மூத்திரமும் வியர்வையும் சிவந்து போகும். அது இரத்தமல்ல, மருந்தின் நிறம். பயந்து நிறுத்தி விடாதீர்கள். அன்றியும், ஒருதரம் சாப்பிட்டு விட்டதினால் ஆயுள் பூராவும் காவல் என்று அர்த்தமல்ல. பிற்பாடு வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, வேலை செய்கிற இடத்திலோ யாருக்காவது க்ஷயம் கண்டால், கிருமி புதிதாகவும் புகலாம். அப்பொழுது மறுபடியும் டாக்டரிடம் போய், முன்பு எந்த மாத்திரையை, எந்த வருஷத்தில், எத்தனை வாரம் சாப்பிட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாமல் ரேஷன் கார்டோடு வைத்திருங்கள்.